ரயர் காத்துப் பகிடியில் ஆருக்குச் சிரிப்பு?

"ரயருக்குக் காத்து மாத்தியாச்சோ?"

கார் விசர் பிடித்த பொடியள் நாலு பேர் கூடுகிற இடத்தில் இந்தக் கேள்வியை ஒருதரமாவது கேட்டிருப்பீர்கள். புதிதாக லைசென்ஸ் எடுத்தவன், அப்பாவின் காரை முதன்முதல் வெளியே கொண்டு வந்தவன், அல்லது கார் பற்றி ஒன்றுமே தெரியாமல் பக்கத்தில் நிற்கிறவன், இவர்களில் ஒருவன்தான் இலக்கு. கேட்கிறவர் முகத்தில் சிரிப்பின் நிழல்கூட இருக்காது. "உது ரெண்டு வருசக் காத்தெல்லோ. பழங்காத்து உள்ளுக்குக் கிடந்தா ரயர் பழுதாப்போடும். நாலையும் இறக்கிப்போட்டுப் புதுசா அடி. மாரிக்கு வேற காத்து, வெய்யிலுக்கு வேற காத்து, தெரியுமோ?" இரண்டாமவர் ஓமோம் என்று தலையாட்டுவார். மூன்றாமவர் எந்தக் கடையில் நல்ல காத்து அடிக்கிறார்கள் என்று வழியும் சொல்லுவார். அந்தப் பொடியன் "அப்பிடியோ அண்ணை, எவ்வளவு முடியும்?" என்று கேட்ட கையோடு எல்லாரும் வெடித்துச் சிரிப்பார்கள். அன்றையிலிருந்து அவனுக்குப் பட்டம் 'காத்து'. அவன் கலியாணம் கட்டிப் பிள்ளை பெற்றாலும் அது போகாது.

இது எங்கட கண்டுபிடிப்பு இல்லை. பனிகாலம் உள்ள நாடுகளில், கோடைக் காத்தை இறக்கிப்போட்டுப் பனிக் காத்து அடிக்கச் சொல்லிப் புதுப் பொடியளை ஏய்ப்பார்கள். அங்கே பனிகாலத்துக்கு ரயரையே மாற்றுவது வழக்கம் என்பதால் காத்தையும் மாற்றவேணும் என்றால் யாரும் நம்பத்தான் செய்வார்கள். இதற்கு ஒன்றுவிட்ட சகோதரங்களும் உண்டு. சிக்னல் லைட்டுக்கு ஒயில் விடச் சொல்வது, இடக்கைக்காரருக்கு என்று தனி ஸ்பனர் வாங்கி வரச் சொல்வது, பிரித்தானியத் தொழிற்சாலைகளில் ஒரு வாளி நீராவி எடுத்து வர ஆளனுப்புவது. எங்களிடம் பனிகாலம் கிடையாது, இருந்தும் பகிடி வந்து இறங்கிவிட்டது. 2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்தின அரசாங்கத்தாலும் இந்த இறக்குமதியை நிறுத்த முடியவில்லை.

நான் இந்தப் பகிடிக்கு எதிரானவள். "ஒரு ரயர்ப் பகிடிக்கு இவ்வளவு பெரிய கட்டுரையோ, கலைப்பீடக்காரருக்கு வேலை இல்லையோ" என்று கேட்கப்போகிறவர்கள் கேட்டுவிட்டு வாசியுங்கோ.

இந்தப் பகிடிக்குக் குறைந்தது மூன்று பேர் வேணும். தெரியாதவன் ஒருவன், தெரிந்தவர்கள் இரண்டு பேர். தனிய ஒருவர் இன்னொருவரிடம் இதைச் சொன்னால் அது வெறும் பொய். அதைப் பகிடியாக்குவது பக்கத்தில் நின்று முகத்தைப் பொத்திக்கொண்டிருக்கிற சாட்சிதான். அதாவது இதில் சிரிப்பு ரயரிலும் இல்லை, காத்திலும் இல்லை. ஒருவன் வாயைத் திறந்து கேட்டுவிட்டான் என்பதில்தான் முழுச் சிரிப்பும் இருக்கிறது. கேட்காமல் நின்றிருந்தால் தப்பியிருப்பான். இனிமேல் கேட்கவும் மாட்டான்.

அவன் கேட்டது மொக்குக் கேள்வியா என்று பார்ப்போம்.

பகிடி விடுகிறவர்களின் பெரிய நம்பிக்கை, காத்து காத்துத்தான், அதற்குப் பழசு புதுசு இல்லை, மாரி கோடை இல்லை என்பது. பள்ளிக்கூட விஞ்ஞானப் புத்தகத்தைக் கொஞ்சம் புரட்டினால் இந்த நம்பிக்கைக்கே காத்துப் போய்விடும். மூடிய ரயருக்குள் இருக்கிற வளி குளிர்ந்தால் அதன் அமுக்கம் குறையும். கார் ரயரில் 5 அல்லது 6 பாகை செல்சியஸ் இறங்க, ஏறக்குறைய 1 பி.எஸ்.ஐ. குறையும். கனடாவிலோ நோர்வேயிலோ இருக்கிற உங்கட மாமா 20 பாகை நாளொன்றில் 32 பி.எஸ்.ஐ. அடித்த காரை, மறை 10 பாகையில் ஒரு விடியற்காலை வெளியே எடுத்தால், கிட்டத்தட்ட 5 பி.எஸ்.ஐ. காணாமல் போயிருக்கும். ஒரு துளை இல்லை, ஒரு ஆணி இல்லை, காத்து வெளியேறவும் இல்லை. அங்கே "பனிகாலத்துக்குக் காத்துப் பார்க்கவேணுமோ?" என்று கேட்கிறவன் சரியான கேள்வி கேட்கிறான். அவனைப் பார்த்துச் சிரிக்கிறவன் 27 பி.எஸ்.ஐ. ரயரோடு பனி ரோட்டில் ஓடுகிறான்.

எங்கட நாட்டிலும் மேலே ஏறினால் குளிர்தானே? யாழ்ப்பாணத்தில் 32 பாகை வெய்யிலில் காத்தடித்த காரை நுவரெலியாவுக்குக் கொண்டுபோனால் ரயரில் என்ன நடக்கும் என்று விஞ்ஞான பீடத்து நண்பன் ஒருவனிடம் கேட்டேன். அவன் சிரிக்கவில்லை, கொப்பியை எடுத்தான். நுவரெலியாவில் 15 பாகை என்று வைத்தால் குளிரால் 2½ பி.எஸ்.ஐ. அளவு குறையவேணும். ஆனால் அந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே வெளியில் வளிமண்டல அமுக்கம் கிட்டத்தட்ட 3 பி.எஸ்.ஐ. குறைவு. ரயர் மானி காட்டுவது உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசத்தை. ஆக ஒன்று இறக்க மற்றது ஏற்ற, மானி திரும்பவும் 32 க்குக் கிட்டத்தான் நிற்கும்! பத்து நிமிசக் கணக்கு. நாங்கள் இரண்டு பேரும் கன்டீனில் இருந்து சிரித்த சிரிப்புக்கு, ஆரையும் முட்டாளாக்கத் தேவைப்படவில்லை.

பழைய காத்து என்கிற விசயமும் இருக்கிறதே. இறப்பர் இரும்பில்லை, அதனூடாக வளி மெல்ல மெல்லக் கசியும். நல்ல ரயரிலும் மாதம் ஒன்று இரண்டு பி.எஸ்.ஐ. போகும். போனதை நாங்கள் பெற்றோல் செட்டில் நின்று அடித்து நிரப்புகிறோம். அப்படி மாதா மாதம் நிரப்பினவனின் ரயரில் இரண்டு வருசத்துக்குப் பிறகு முதல்நாள் அடித்த காத்தில் ஏறக்குறைய பாதிதான் மிஞ்சியிருக்கும். ஆகவே பொறுப்பான ஆள் ஒவ்வொருவரும் ரயருக்குக் காத்து மாத்திக்கொண்டுதான் இருக்கிறார். தவணை முறையில்.

எந்தக் காத்து என்பது உயிர் போகிற விசயமாகவும் இருந்திருக்கிறது. 1986 மார்ச் 31 ஆம் திகதி மெக்சிக்கோ நகரிலிருந்து புறப்பட்ட மெக்சிக்கானா நிறுவனத்தின் போயிங் 727 விமானம் மலையில் விழுந்து, அதில் இருந்த 167 பேரும் இறந்தார்கள். பிரேக் அளவுக்கு மீறிச் சூடேறி, சக்கரக் கூட்டுக்குள் ரயர் வெடித்திருந்தது. நைதரசன் அடித்திருக்கவேண்டிய அந்த ரயருக்குள் இருந்தது சாதாரண வளி. சூடேறின இறப்பரோடு ஒட்சிசன் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை விமானத்துறை அன்று படித்தது. அடுத்த ஆண்டே, பிரேக் உள்ள சக்கரங்களுக்கு நைதரசன்தான் அடிக்கவேணும் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிருவாகம் கட்டாயமாக்கியது. அந்த விமானம் ஏறுவதற்கு முதல் ஆராவது ஒரு உதவியாள் "இதுக்கு எந்தக் காத்து அண்ணை அடிச்சது?" என்று கேட்டிருந்தால், அதைப் பகிடி என்று சொல்லுவியளோ?

கார் விமானம் இல்லை, தெரியும். ஆனால் இந்த நைதரசன் கதை கார் ரயருக்கு வந்த விதம்தான் எனக்குப் பெரிய பகிடியாகப் படுகிறது.

இப்ப இங்கேயும் பெரிய ரயர்க் கடைகளில் நைதரசன் அடிக்கலாம். ரயர் வாய்க்குப் பச்சை மூடி போட்டு விடுவார்கள், காசு தனி. எப்படி அடிக்கிறார்கள் என்று நின்று பாருங்கோ. முதலில் உள்ளே இருக்கிற பழைய காத்தை முழுக்க இறக்குவார்கள். பிறகு நைதரசன். சில இடங்களில் அதையும் ஒருக்கால் இறக்கித் திரும்ப அடிப்பார்கள். அட, இது என்ன? காத்து மாத்துறதுதானே! நாங்கள் சுவாசிக்கிற வளியில் ஏற்கெனவே 78 வீதம் நைதரசன், 21 வீதம் ஒட்சிசன், மிச்சம் பெரும்பாலும் ஆகன். நூற்றுக்கு 78 சும்மா கிடைக்கிற சாமானை நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து ஆக்குவதற்குத்தான் அந்தக் காசு. அமெரிக்காவின் 'கன்சியூமர் ரிப்போட்ஸ்' சஞ்சிகை 31 வகை ரயர்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு சோடி, ஒன்றில் வளியும் மற்றதில் நைதரசனும் 30 பி.எஸ்.ஐ. அடித்து, ஒரு வருசம் வெளியில் வைத்துப் பார்த்தது. வளி அடித்தது சராசரியாக 3.5 பி.எஸ்.ஐ. இழந்தது, நைதரசன் அடித்தது 2.2. வருசம் முழுக்கத் திரும்பியே பாராமல் விட்டால் கிடைக்கிற இலாபம் 1.3 பி.எஸ்.ஐ. மாதம் ஒருக்கால் செட்டுக்குப் போய் வருகிறவனுக்கு அந்த இலாபமும் இல்லை.

பச்சை மூடி போட்டுக்கொண்டு வருகிறவர் ஆர்? கார் தெரியாத அந்தப் பொடியன் இல்லை. அவனைப் பார்த்துச் சிரிக்கிற அண்ணைமார்தான். நைதரசன் அடித்தால் கார் மெத்தையாய் ஓடும், பெற்றோல் மிச்சம் பிடிக்கும் என்று ஒரு சாமி வரம் கொடுத்த மாதிரிச் சொல்லுவார்கள். கடைக்காரரிடம் "ஏன், எவ்வளவு வித்தியாசம், ஆர் அளந்தது?" என்று இவர்களில் ஒருவரும் கேட்கமாட்டார்கள். கேட்க ஏலாது. கேட்டால் தெரியாத ஆள் ஆகிவிடுவார்களே. மற்றவனைக் கேள்வி கேட்டதற்காகச் சிரித்துச் சிரித்து, கடைசியில் தங்கட வாயையும் தைத்துக்கொண்டிருக்கிறார்கள். தெரிந்தவர்கள் மாதிரி நிற்கிற ஆட்களை விட நல்ல வாடிக்கையாளர் எந்தக் கடைக்கும் கிடையாது. அந்தப் பொடியன் குறைந்தது "எவ்வளவு முடியும்?" என்றாவது கேட்டான்.

(இடையில் ஒன்று. இலங்கை ரயர் உலகச் சந்தையில் முன்வரிசையில் நிற்பது எந்த வகையில் தெரியுமோ? பாரம் தூக்கும் வண்டிகளுக்குப் போடுகிற திண்ம ரயரில். காத்தே இல்லாத ரயர். இந்தப் பகிடிக்காரர்களை அந்தத் தொழிற்சாலைக்கு ஒருநாள் சுற்றுலா கூட்டிக்கொண்டு போகவேணும்.)

பகிடி ஆர் மேல் விழுகிறது என்பதையும் பார்க்கவேணும். வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நின்று, தனியாருக்குக் கார் திரும்ப வரத் தொடங்கியது 2025 இல்தான். அந்த ஐந்து வருசத்தில் பழைய காரின் விலை எங்கே போனது என்று எல்லாருக்கும் தெரியும். எங்கட பீடத்தில் பெரும்பான்மையானவர்கள் பஸ்ஸிலும் சைக்கிளிலும் வருகிறவர்கள். வீட்டில் கார் இருந்தவனுக்கு வீல் நட்டு எந்தப் பக்கம் திருப்பினால் கழரும் என்பது பத்து வயதிலேயே தெரியும், தகப்பனோடு நின்று பார்த்திருப்பான். வீட்டில் கார் இல்லாதவனுக்கு இருபத்திரண்டு வயதிலும் தெரியாது. இதில் முதலாமவனின் கெட்டித்தனம் எங்கே இருக்கிறது? கார் அறிவு காரோடு சேர்ந்து வருகிற சீதனம். சீதனமாக வந்ததை உழைத்துச் சம்பாதித்த மாதிரிக் காட்டவும், கிடைக்காதவனுக்கு மூளை இல்லை என்று காட்டவும் இந்தப் பகிடி நல்லாய் உதவுகிறது.

பெட்டையளுக்கு வருகிறபோது அது இன்னும் ஒரு படி ஏறும். என்னோடு போர்டிங்கில் இருக்கிற ஒருத்தி தன்ர மாமாவிடம் பழைய ஸ்கூட்டர் ஒன்று வாங்கினாள். முதல் கிழமை ரயர்க் கடைக்குப் போய், "காத்து ஒருக்காப் பாருங்கோ அண்ணை, இதுக்கு எவ்வளவு அடிக்கிறது?" என்று கேட்டிருக்கிறாள். ஒழுங்கான கேள்வி. கடைக்காரர் பதில் சொல்ல முதல், பக்கத்தில் அலோய் வீல் போட வந்து நின்ற இரண்டு பேர் முந்திவிட்டார்கள். "தங்கச்சி, லேடீஸ் ஸ்கூட்டிக்கு வேற காத்து. இது ஆம்பிளையின்ர பைக்குக்கு அடிக்கிற காத்து. பழசை முழுக்க மாத்தவேணும், இல்லாட்டி ஸ்லிப் ஆகும்." கடைக்காரரும் சிரித்தார். அவளும் சிரித்தாள். வேறென்ன செய்கிறது, நாலு ஆம்பிளையள் சுத்திச் சிரிக்கிற இடத்தில் அழவா முடியும்? எவ்வளவு அடிக்கவேணும் என்ற பதில் மட்டும் அவளுக்குக் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் அந்தப் பக்கம் போகவில்லை. போர்டிங் வீட்டுச் சைக்கிள் பம்பால் மூச்சு வாங்க வாங்க அடித்து, பெருவிரலால் அமத்திப் பார்த்து, "காணும்" என்று விட்டுவிடுவாள். நாலு மாதம். அதற்குப் பிறகு முன் ரயரின் பக்கச்சுவர் மடிந்து மடிந்து வெடித்துக் கிடந்ததை வேறொருவர் கண்டு சொன்னார். ஆளுக்கு ஒன்றும் நடக்கவில்லை, ஒரு ரயர்க் காசோடு போனது. ஆனால் அந்த நாலு மாதமும் ஏ-9 இல் பஸ்களுக்கும் டிப்பர்களுக்கும் நடுவில் அவள் ஓடினது அந்த ரயரில். பகிடி விட்ட இரண்டு பேருக்கும் இது தெரியாது. தெரிந்தாலும் "நாங்கள் என்ன ரயரையா கிழிச்சனாங்கள்?" என்றுதான் கேட்பார்கள்.

காத்துக் குறைந்த ரயர் என்பது சின்ன விசயம் இல்லை. சுவர் கூட மடியும், மடிய மடியச் சூடேறும், சூடேறினால் உள்ளே ஒட்டியிருக்கிற படைகள் பிரியத் தொடங்கும். 2000 ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஃபயர்ஸ்ரோன் நிறுவனம் 65 இலட்சம் ரயர்களைத் திரும்ப எடுத்தது. போர்ட் எக்ஸ்புளோரர் வாகனங்களில் ஓடிக்கொண்டிருக்கும்போதே ரயரின் மேற்படை உரிந்து, வாகனம் உருண்டு, 270 க்கும் மேற்பட்டவர்கள் இறந்திருந்தார்கள். ரயர் பிழையா வாகனம் பிழையா என்று இரண்டு நிறுவனமும் மாறி மாறிக் கைகாட்டின. அந்தச் சண்டையின் நடுவில் கிடந்தது ஒரு இலக்கம். போர்ட் சொன்ன 26 பி.எஸ்.ஐ. போதுமா, 30 வேணுமா என்பது. அதே ஆண்டில் அமெரிக்கா கொண்டுவந்த சட்டத்தின் விளைவாகத்தான் ரயரில் காத்துக் குறைந்தால் டாஷ்போர்டில் எரிகிற அந்த மஞ்சள் லைட் வந்தது. சனம் தானாகக் காத்துப் பார்க்காது என்று சட்டம் எழுதினவர்களுக்கு விளங்கியிருந்தது. எங்கட ரோட்டில் ஓடுகிற பழைய கார்களிலும் ஓட்டோக்களிலும் அந்த லைட் இல்லை. எங்களுக்கு இருக்கிறது கேட்கிற வாயும் சொல்லுகிற ஆளும் மட்டும்தான். அந்த வாயைத்தான் இந்தப் பகிடி மூடுகிறது.

இனி வழக்கமான பதில் வரும். "பகிடியைப் பகிடியா எடுக்கத் தெரியாதோ?"

இந்த வசனம் கம்பஸில் படிக்கிற எவருக்கும் மனப்பாடம். முதலாம் வருசத்தில் எங்களுக்குச் சொல்லப்பட்ட அதே வசனம். இங்கிலிசில் 'ராகிங்' என்கிறதற்குத் தமிழில் நாங்கள் வைத்த சொல் பகிடிவதை. இந்த ஒரு சொல்லில் எங்கட மொழி மற்ற எதையும் விட நேர்மையாக இருந்திருக்கிறது என்று நினைக்கிறேன். பகிடியையும் வதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நடுவில் ஒரு இடைவெளிகூட விடவில்லை. 1997 இல் பேராதனையில் பொறியியல் பீடத்துப் புதுமுக மாணவர் ஒருவர், அளவுக்கு மீறி உடற்பயிற்சி செய்விக்கப்பட்டுச் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். அடுத்த வருசம், 1998 இல், பகிடிவதைக்கு எதிராக 20 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. சட்டம் வந்து இருபத்திரண்டு வருசத்துக்குப் பிறகு, 2020 மார்ச்சில், ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் படிக்கட்டால் உருண்டு வந்த ஒரு பெரிய வாகன ரயர் தலையில் அடித்து முதலாம் வருச மாணவர் ஒருவர் படுகாயமடைந்தார். ஆம், ரயர். அதையும் பகிடி என்றுதான் ஆரோ ஆரம்பித்திருப்பார்கள்.

காத்து மாத்தச் சொல்வதும் மாணவரைச் சாகடிப்பதும் ஒன்று என்று நான் சொன்னதாக ஆரும் திரிக்கவேண்டாம். அளவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். நான் சொல்வது பழக்கத்தை. முகத்தை இறுக்கிக்கொண்டு பொய் சொல்லுறது, சாட்சிகளைச் சேர்க்கிறது, மாட்டினவனை எல்லாரும் பார்க்கச் சிரிக்கிறது, பிறகு "நீயும் சிரி, சிரிக்காட்டி உனக்கு நகைச்சுவை தெரியாது" என்று அவனையே தன் மேல் சிரிக்க வைக்கிறது. சீனியர்மார் இதை கம்பஸ் வாசலில் கண்டுபிடிக்கவில்லை. கராஜிலும் மைதானத்திலும் கலியாண வீட்டு வாசலிலும் பழகிக்கொண்டுதான் உள்ளே வருகிறார்கள்.

கராஜில் பழக வருகிற பொடியனை இப்படி அலைய விடுவது காலங்காலமாக உள்ளது, அதில்தான் அவன் தொழில் படிக்கிறான் என்று ஒரு நியாயமும் சொல்லுகிறார்கள். கராஜ் பொடியனுக்காவது அடுத்த நாள் பாஸ் சாவியைக் கையில் கொடுத்து எஞ்சினைக் கழட்ட விடுவார். அரைநாள் அலைந்ததற்கு ஒரு தொழில் கிடைக்கும். எங்கட கார் விசரர்கள் சிரித்து முடிந்த பிறகு என்ன சொல்லிக் கொடுக்கிறார்கள்? நான் பார்த்த அளவில் ஒன்றுமில்லை. அடுத்த ஆள் எப்ப வருவான் என்று பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

வாகனக்காரருக்குப் பகிடியே கூடாது என்றும் நான் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்தாருக்கு அது பெரிய அவமானம். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் இல்லாமல், தொடங்குவதற்கு மட்டும் சில துளி பெற்றோல் விட்டு, மிச்சத்துக்கு மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளும் பழைய ஒஸ்ரின், மொரிஸ் கார்களும் ஓட்டின தலைமுறை எங்கட பெற்றோருடையது. வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு போகும் என்று சொல்லுவார்கள். சைக்கிள் டைனமோவைச் சுத்தி றேடியோ கேட்ட காலம். அந்தக் கதைகளைப் பெரியாட்கள் சொல்லும்போது சிரித்துச் சிரித்து வயிறு நோகும். ஆனால் அந்தச் சிரிப்பு முழுக்கக் காரின் மேல். இறங்கித் தள்ளின கதை, பாதி வழியில் நின்றுபோன கதை, மாப்பிள்ளையே கரி பிடிச்ச கையோடு மணவறைக்குப் போன கதை. மண்ணெண்ணெயில் எப்படி ஓட்டுறது என்று கேட்டவனை ஆரும் கேலி செய்ததாக ஒரு கதைகூட நான் கேட்டதில்லை. ஒருவர் கண்டுபிடித்ததை ஊரே படித்தது. தெரியாதவனுக்குச் சொல்லிக் கொடுக்காவிட்டால் நாளைக்கு ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோக வாகனம் இருக்காது, அவ்வளவுதான் காரணம்.

இப்ப வாகனம் இருக்கிறது, பெற்றோல் இருக்கிறது, ரயர் இருக்கிறது. சொல்லிக் கொடுக்கத்தான் ஆளில்லை.

சரி, அந்தப் பொடியனுக்கும் என்ர தோழிக்கும் ஒருவரும் சொல்லாத பதிலை நானே சொல்லிவிடுகிறேன். கலைப்பீடக்காரிக்கும் இதைப் படிக்க ஒரு பின்னேரம் காணும். எவ்வளவு அடிக்கவேணும் என்பது காரில் சாரதிப் பக்கக் கதவைத் திறந்தால் கதவு நிலையில் ஒட்டின ஸ்டிக்கரில் இருக்கும். ஸ்கூட்டருக்கு அதன் கையேட்டில், அல்லது வண்டியிலேயே ஒட்டியிருக்கும். ரயரின் சுவரில் பொறித்திருக்கிற இலக்கம் அந்த ரயர் தாங்கக்கூடிய உச்ச அளவு, அதைப் பார்த்து அடிக்காதேங்கோ. ஜப்பானில் பாவித்து நேரே இங்கே வந்த கார் என்றால் ஸ்டிக்கர் அவர்களின் மொழியில்தான் இருக்கும், இலக்கத்தை மட்டும் பாருங்கோ. 240 என்று இருந்தால் அது கிலோபஸ்கால், கடையில் 35 பி.எஸ்.ஐ. என்று சொல்லவேணும். முன்னுக்கும் பின்னுக்கும் வேறு வேறாக இருக்கலாம். ஓடி வந்த சூட்டில் அளந்தால் கூடக் காட்டும், ஆகவே வாகனம் மூன்று மணித்தியாலமாவது நின்ற பிறகு, காலையில் கிட்ட இருக்கிற செட்டில் பார்ப்பது நல்லம். மாதம் ஒருக்கால் போதும். டிக்கியில் கிடக்கிற ஸ்பெயார் வீலையும் எடுத்துக் காட்டுங்கோ, எத்தனையோ கார்களில் அதற்குள்தான் காத்தே இருக்காது.